அழைப்புக்குப் பிறகு: தொலைவழி மனநல சேவையும் சிறுசேரி–கோவளம் கரையும்

சிறுசேரி சிப்காட் பூங்காவிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். பழைய மாமல்லபுரம் சாலையோரம் ஆசியாவின் பெரிய மென்பொருள் வளாகங்களுள் ஒன்று நிற்கிறது. பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் உப்பளம், மீனவக் குப்பம், இருளர் குடியிருப்பு. இடையிடையே எழும்பும் அடுக்குமாடிகளில் சாரம் கட்டி வேலை செய்கிறவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். இவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இன்று ஒரு கைபேசியாவது இருக்கிறது. மனநல மருத்துவர் என்று ஒருவரை வாழ்நாளில் ஒருமுறையேனும் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

இந்த இரண்டு உண்மைகளையும் அருகருகே வைத்தால், கைபேசி வழியாகவே மருத்துவரைக் கொண்டுவந்துவிடலாமே என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. அது முடியும் என்பது நிறுவப்பட்டுவிட்டது. இக்கட்டுரை ஆராய முற்படும் கேள்வி வேறு: தொலைவழி மனநல சேவை, சிகிச்சையே பெறாதவர்களிடம் போய்ச் சேர்கிறதா? அல்லது ஏற்கெனவே வழி உள்ளவர்களுக்கு இன்னொரு வழியைத் திறந்துவிடுகிறதா?

பற்றாக்குறையின் கணக்கு

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. தமிழ்நாடு அவற்றுள் ஒன்று. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அந்த நேரத்தில் ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்ததாகவும், நோயின் வகையைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றும் அது கண்டது. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பது 2019இல் வெளியான மதிப்பீடு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தனர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிகமான எண்ணிக்கை இது.

ஆனால் மருத்துவர் இல்லாமை மட்டுமே இந்த இடைவெளிக்குக் காரணம் என்று கொண்டால் கணக்கு தவறிவிடும். மனநோயாளி ஒருவர் மருத்துவமனைக்குப் போவது என்றால் கூட ஒருவர் போக வேண்டும். இரண்டு பேரின் ஒருநாள் கூலி போகும். ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் வேறு. போன இடத்தில் மாத்திரை தீர்ந்திருந்தால் அடுத்த மாதம் யாரும் கிளம்ப மாட்டார்கள். தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி அதன் முதல் மாவட்டம். சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வரலாறோ 1794 வரை பின்னோக்கிப் போகிறது. இத்தனை காலமும் இந்த ஏற்பாடுகள் ‘நோயாளி நம்மைத் தேடி வருவார்’ என்ற ஒரே அனுமானத்தின் மேல்தான் பெரும்பாலும் நின்றன. தொலைவழிச் சேவையை மதிப்பிடும்போது, அது இந்த அனுமானத்தை மாற்றியதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

நெப்ராஸ்காவிலிருந்து சுனாமி வரை

திரை வழியாக மனநல மருத்துவம் பார்ப்பது இணையத்தோடு வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தில் செசில் விட்சன் தலைமையிலான குழு 1959இலேயே இருவழித் தொலைக்காட்சி வழியாகக் குழு சிகிச்சை நடத்தியது. 1964இல் அது ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவிலிருந்த நார்ஃபோக் அரசு மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. பிறகு வந்த ஆய்வுகளும் நம்பிக்கை தருபவையே. கனடாவின் ஒண்டாரியோவில் 495 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு, காணொலி வழிச் சிகிச்சை நேரில் பார்ப்பதற்குச் சமமான பலனைத் தந்தது என்றும், செலவு ஓரளவு குறைந்தது என்றும் காட்டியது. மனச்சோர்வுற்ற மூத்த அமெரிக்கப் படைவீரர்களிடம் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வும் அதே முடிவுக்கு வந்தது.

இந்த முடிவுகளை அப்படியே இங்கே பெயர்த்து நடுவதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஆய்வுகள் நேரில் பார்க்கும் மருத்துவரையும் திரையில் பார்க்கும் மருத்துவரையும் ஒப்பிட்டன. இரண்டு தரப்பிலும் மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனைக்கூடம், செவிலியர், பதிவேடு எல்லாம் ஏற்கெனவே இருந்தன. நம் கிராமங்களில் ஒப்பீடு திரை மருத்துவருக்கும் மருத்துவரே இல்லாமைக்கும் இடையிலானது. அதோடு, அந்த மற்றத் துணைகளும் சேர்ந்தே இல்லாத நிலை.

தமிழ்நாட்டில் இந்த முயற்சி ஒரு பேரிடரிலிருந்து பிறந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான இந்தக் கரையும் அடிவாங்கியது. உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு மனநல உதவி தேவைப்பட்டது. கடற்கரை மாவட்டங்கள் அத்தனைக்கும் அனுப்ப மருத்துவர்கள் இல்லை. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் (ஸ்கார்ஃப்), 2005இல் காணொலி வழியாக வெளியூர் மையங்களோடு சென்னை மருத்துவர்களை இணைக்கத் தொடங்கியது. இந்தியாவில் மனநலத்துக்கென நடந்த தொலைமருத்துவ முயற்சிகளுள் இது முன்னோடிகளில் ஒன்று.

புதுக்கோட்டைப் பேருந்து

அந்த அனுபவத்திலிருந்து ஸ்கார்ஃப் அடுத்து எடுத்த அடியில்தான் இக்கட்டுரையின் வாதத்துக்கு அடிப்படை இருக்கிறது. 2010இல், மருத்துவர் ஆர். தாரா தலைமையில், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்து ஓடத் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாவட்டம் அது. பேருந்துக்குள் ஓர் ஆலோசனை அறை, ஒரு மருந்தகம். நோயாளியும் உடன் வந்தவரும் உள்ளே ஏறி உட்காருவார்கள். சென்னையிலிருக்கும் மனநல மருத்துவர் திரையில் வருவார். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு பேருந்திலேயே கிடைக்கும். மருந்தும் அங்கேயே, இலவசமாக. ஊர்மக்களுக்கு மனநோய் பற்றிய படங்களைக் காட்டும் திரையும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் தொழில்நுட்பம் என்று சொல்லத்தக்கது ஒரு திரையும் ஓர் இணைய இணைப்பும்தான். மீதி அத்தனையும் பழைய பாணியில் ஆட்கள் செய்த வேலை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் ஊர் ஊராகப் போய், பூட்டிய அறையில் இருப்பவரையும் வீட்டை விட்டு அலைபவரையும் கண்டறிந்தார்கள். பேருந்து எந்த நாளில் எங்கே நிற்கும் என்று சொல்லி வைத்தார்கள். வராதவரின் வீட்டுக்குப் போய் விசாரித்தார்கள். பேருந்தின் கதவு மூடினால் பேச்சு வெளியே போகாது. ஓரறை வீட்டில் கிடைக்காத தனிமை அங்கே கிடைத்தது.

மருந்தை அந்த இடத்திலேயே கொடுத்த முடிவு எவ்வளவு முக்கியமானது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். திரையில் மருத்துவர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும், சீட்டை எடுத்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் போய் மருந்து வாங்கு என்று சொன்னால், மருத்துவமனைக்குப் போக முடியாமல் செய்த அதே தடை மருந்துக்கடை வாசலில் மறுபடி நிற்கும். புதுக்கோட்டைப் பேருந்து அந்தத் தடையையும் சேர்த்து நீக்கியது. இதை ‘தொலைமருத்துவத்தின் வெற்றி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது, அதை வெற்றியாக்கிய பாதிப் பேரை விட்டுவிடுவதாகும்.

காஞ்சிபுரத்துச் சான்று

நோயாளிக்கு அருகிலிருக்கும் ஆளின் பங்கு எவ்வளவு என்பதற்கு சிறுசேரியும் கோவளமும் உள்ள செங்கல்பட்டு மாவட்டத்தோடு தொடர்புள்ள ஒரு சான்றே இருக்கிறது. 2019 நவம்பரில் பிரியும் வரை செங்கல்பட்டு காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் கிராமப்புறம், கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சுதிப்தோ சாட்டர்ஜி, விக்ரம் படேல், தாரா உள்ளிட்டோர் நடத்திய அதன் முடிவுகள் 2014இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையில் வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவினருக்கு அதோடு, பயிற்சி பெற்ற சமுதாயப் பணியாளர்கள் வீடு தேடி வந்து மருந்து தொடர்வதைக் கவனிப்பதும், குடும்பத்தாரோடு பேசுவதும், வேலைக்கும் உறவுகளுக்கும் திரும்பத் துணை நிற்பதும். பணியாளர்கள் மருத்துவர்கள் அல்லர். மனநல வல்லுநர்களின் மேற்பார்வையில் வேலை செய்தவர்கள்.

ஓராண்டுக்குப் பின் மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் பலன் சிறியதே. நோய்க்குறிகளும் இயலாமையும் ஓரளவு குறைந்தன, செலவு கூடியது. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தைத் தனியாகப் பார்த்தபோது வேறுபாடு தெளிவாகவும் பெரிதாகவும் இருந்தது. ஓர் இடத்து முடிவை எல்லா இடத்துக்கும் நீட்டக்கூடாது என்ற எச்சரிக்கை இங்கே பொருந்தும். இருந்தும், மற்றச் சேவைகள் எதுவும் எளிதில் எட்டாத இடத்தில் வீட்டுக்கு வரும் ஒருவரின் பெறுமதி அதிகம் என்று இதிலிருந்து உய்த்துணர்வது மிகை ஆகாது.

இந்த ஆய்வில் காணொலி இல்லை. அதனாலேயே அது இங்கே பயன்படுகிறது. புதுக்கோட்டையில் திரையும் ஆளும் சேர்ந்திருந்ததால் எது எதைச் செய்தது என்று பிரித்துப் பார்ப்பது கடினம்; காஞ்சிபுரத்தில் ஆளின் பங்கு மட்டும் தனியாகச் சோதிக்கப்பட்டது, பலனும் தெரிந்தது. இதே கரையில் திருவிடந்தையில் வளாகம் கொண்டுள்ள பேனியன் மனநல அமைப்பும் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து வீட்டுக்கு அனுப்பும் முறையை நீண்ட நாள் நம்பி வந்திருக்கிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய அமைப்பு அது.

14416

புதுக்கோட்டை ஒரு தொண்டு நிறுவனத்தின் முயற்சி. நாடு தழுவிய அளவில் தொலைவழிச் சேவை வந்தது கொரோனாவுக்குப் பிறகு. பொதுமுடக்கத்தின் முதல் நாளான 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. அதுவரை தெளிவின்றி இருந்த தொலைவழி மருந்துச் சீட்டு முறைப்படுத்தப்பட்டது. 2022 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட, 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் திட்டம் அதே ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாளில் தொடங்கியது. தமிழ்நாடு அரசு டிசம்பரில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இதே 14416 எண்ணை அறிமுகப்படுத்தியது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுகிறார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ மாவட்ட மனநலத் திட்டத்திடமோ அழைப்பு போகிறது. 2024இல் நாடு முழுவதும் 10 லட்சம் அழைப்புகளைத் திட்டம் கடந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் காணொலி ஆலோசனை தொடங்கப்பட்ட முதல் மாநிலங்களுள் தமிழ்நாடும் இருந்தது.

இதன் நன்மைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 20 மொழிகளில் சேவை உண்டு, மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். சிறுசேரிக் கட்டுமானத் தளத்தில் இரவெல்லாம் தூங்க முடியாமல் தவிக்கும் ஒடிசாக்காரர் ஒருவர், தன் மொழியில் தன் துயரத்தைச் சொல்ல இந்த வட்டாரத்தில் வேறெங்கே போக முடியும்? நள்ளிரவில் தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும் ஒருவருக்கு விடியும் வரை காத்திருக்கச் சொல்லாத சேவை இது. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், முன்பின் தெரியாத ஒருவர் காது கொடுத்துக் கேட்பதே உயிர் காக்கும் என்ற நம்பிக்கையை எப்போதோ சென்னையில் நாட்டிவிட்டது. அரசு அந்த நம்பிக்கையைப் பெரிதாக்கியிருக்கிறது.

ஆனால் அழைப்பு மையம் காத்திருக்கும் அமைப்பு. தனக்கு நோய் இருப்பதாகவே ஏற்காத மனச்சிதைவு நோயாளி 14416ஐ அழைக்கப் போவதில்லை. அவருடைய தாய் அழைக்கலாம், கையில் கைபேசி இருந்தால். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 70.2 விழுக்காடு, பெண்கள் 46.9 விழுக்காடு. கிராமப்புறப் பெண்களிடம் இன்னும் குறைவு. வீட்டில் நோயாளியைப் பெரும்பாலும் கவனிப்பவர் பெண்; காணொலிச் சேவையைப் பயன்படுத்தும் வசதி அவரிடம்தான் குறைவாக இருக்கிறது.

எதிர்த்திசையில் நடந்த ஒரு முயற்சியையும் பதிவு செய்ய வேண்டும். 2021 செப்டம்பரில் நீட் தேர்வையொட்டி மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டபோது, தேர்வெழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை 104 சுகாதார உதவி எண் சேவை வழியாகத் தானே அழைத்துப் பேசும் வேலையைத் தமிழக அரசு தொடங்கியது. அழைப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் அழைத்துக் கேட்டது. தொலைபேசியை இப்படியும் பயன்படுத்தலாம் என்பதற்கு நம் அரசே தந்த முன்மாதிரி அது. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களுக்கு அதே முறையை நீட்டுவதில் பெரிய தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

திரைக்கு எட்டாதவை

மனநல மருத்துவம் பேச்சினால் மட்டும் ஆனது என்ற எண்ணமே தொலைவழிச் சேவை பற்றிய மிகையான நம்பிக்கைக்குக் காரணம். மருந்தின் பக்கவிளைவாகத் தசை இறுகியிருக்கிறதா என்று அறிய மருத்துவர் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்க்க வேண்டும். லித்தியம் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவைச் சோதிக்க வேண்டும். குளோசபின் கொடுத்தால் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். தினமும் மாத்திரை விழுங்காதவருக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியைத் திரை போடாது. இவை ஒவ்வொன்றுக்கும் நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு கை தேவை.

அந்தரங்கம் பற்றிய சிக்கல் சாலையின் இரு பக்கத்திலும் உண்டு, வேறு வேறு உருவில். குப்பத்து வீட்டில் ஒரே அறை, ஒரே கைபேசி. கணவரின் குடியையும் அடியையும் பற்றிப் பேச வேண்டிய பெண் அதே கைபேசியில் அதே அறையில் எப்படிப் பேசுவார்? மென்பொருள் வளாகத்தில் இருப்பவருக்குத் தனியறை கிடைக்கும். பெரிய நிறுவனங்கள் பலவும் வெளி ஆலோசனை நிறுவனங்களை அமர்த்தி ஊழியர்களுக்குத் தொலைபேசி ஆலோசனை தருகின்றன. பேசியது மேலாளருக்குத் தெரிந்துவிடுமோ, பதவி உயர்வில் குறுக்கே நிற்குமோ என்ற பயம் அங்கே தடை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் இரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. உரிமை இருப்பது ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அதை நம்பவும் வேண்டும்.

சட்டத்தின் ஓட்டை ஒன்றையும் விரைவாகச் சுட்டலாம். 2020 நெறிமுறைகள் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கானவை. செயலிகளிலும் இணையத்திலும் ‘ஆலோசகர்’ என்று பெயர் போட்டுக்கொண்டு பேசுகிறவர்கள் அவற்றின் எல்லைக்குள் வருவதில்லை. கட்டணம் செலுத்திப் பேசும் இளைஞருக்கு எதிர்முனையில் இருப்பவர் என்ன படித்தவர் என்று சரிபார்க்கும் எளிய வழி வேண்டும்.

கேட்க வேண்டிய எண்கள்

முதலில் எழுப்பிய கேள்விக்குத் திரும்பினால், சான்றுகள் காட்டும் விடை இதுதான். தொலைவழிச் சேவை மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றோடு தாமே உதவி தேடுகிறவர்களுக்கு நன்றாகவே உதவுகிறது. கடுமையான மனநோய் கொண்டவர்களிடம், அருகில் ஓர் ஆளும் மருந்தும் இருக்கும்போது மட்டுமே அது போய்ச் சேர்ந்திருக்கிறது. சிறுசேரி வளாகத்து ஊழியருக்கு 14416 போதுமானதாக இருக்கலாம். ஐந்தாறு கிலோமீட்டர் கிழக்கே, பத்தாண்டுகளாகத் தனக்குள் கேட்கும் குரல்களோடு வாழும் மீனவருக்கு அது போதாது.

ஆகவே அரசு வெளியிடும் அழைப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்துத் திட்டத்தின் வெற்றியை அளப்பதை ஏற்பதற்கில்லை. அழைத்தவர்களில் எத்தனை பேர் மருத்துவரிடம் அனுப்பப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் போனார்கள், ஓராண்டுக்குப் பிறகும் மருந்தைத் தொடர்பவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.

செய்ய வேண்டியதற்கான கட்டமைப்பும் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்த் தருகிறார்கள். மனச்சிதைவுக்கான மாத்திரையையும் அதே கைகள் கொண்டுபோகலாம். அவர்களின் கைபேசியிலேயே மருத்துவரைத் திரைக்கு அழைக்கலாம். சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும் இன்றியமையா மனநல மருந்துகள் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வாசகத்தை ஆரம்ப சுகாதார நிலையம் வரை இறக்குவதைத் இந்தப் பகுதி அடங்கிய திருப்போரூர் ஒன்றியத்திலிருந்தே மாநில அரசு தொடங்கலாம். வளாகங்களைக் கட்டிய நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியைப் புதிய செயலிகளுக்குக் கொடுப்பதைவிட, இத்தகைய பணியாளர்களின் ஊதியத்துக்கும் பயிற்சிக்கும் கொடுப்பது பயன் தரும்.

இதற்கிடையே, தனக்கோ தன் வீட்டிலுள்ள ஒருவருக்கோ உதவி தேவைப்படும் வாசகர் தயங்க வேண்டாம். 14416 எண் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் கிடைக்கிறது. நோயாளியே பேச வேண்டும் என்பதில்லை; குடும்பத்தாரும் அழைக்கலாம்.